மரங்கொத்தி பார்த்த திசை

பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு ஹெட்விக் ஈவர்ட்ஸ் அந்த மண்டபத்துக்குள் கால் வைத்தபோது அவள் கைப்பைக்குள் ஒரு ஈயத் தகடு இருந்தது. உள்ளங்கை அளவுதான். ஆனாலும் ஈயமாயிற்றே, பையின் வார் தோளை இழுத்தது. அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் பூனையைத் தடவுவதுபோல் அடிக்கொரு தரம் தடவிக்கொண்டே வந்தாள்.

ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஸோலிங்கன் ஊரின் வேட்டைக்கத்திச் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பர் முதல் சனிக்கிழமை, புனித ஹூபெர்ட்டஸ் திருநாளை ஒட்டிக் கூடும். ஹூபெர்ட்டஸ் வேட்டைக்காரர்களுக்குக் காவல். அன்றைக்குக் காட்டுக்குப் போகிறவன் போவான். போகத் துப்பில்லாதவன் கத்தியைத் துடைத்து எடுத்துக்கொண்டு இங்கே வருவான். விடுதியின் பின்கட்டு மண்டபத்தில் நீள மேஜைகளுக்குப் பச்சைத் துணி விரித்து, மான்கொம்புப் பிடி போட்ட கத்திகளை வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு மூலையில் வாஃபிள், செர்ரி, பால்சோறு, காபி. இன்னொரு மூலையில் சாணை இயந்திரம்.

அந்தச் சாணையை யாரும் கத்தி தீட்ட வைத்திருக்கவில்லை. அது சங்கத்தின் விதி. ஒரு கத்தி போலி என்று தீர்ப்பானால், அதன் முத்திரையை எல்லோர் கண் முன்னாலும் அந்தச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்து அழிக்க வேண்டும். அதற்குப் பிறகு அது ரொட்டி வெட்டலாம், பன்றித்தொடை வெட்டலாம், எப்படியோ பிழைத்துப் போகலாம். இல்லாத அப்பன் பேரைச் சொல்லிக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது. உடையவன் கெஞ்சிக் கேட்டால் மட்டும் ஒரு சலுகை உண்டு. முத்திரையை அழிக்காமல் சங்கத்தின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதற்கு 'விஷ அலமாரி' என்று பெயர். உள்ளே போன கத்தி வெளியே வரக் கூடாது.

ஹெட்விக்கின் புருஷன் கிஸ்பர்ட்டின் கத்தி 1979-ல் அந்த அலமாரிக்குள்தான் போனது.

கிஸ்பர்ட் முத்திரை அச்சு வெட்டுகிறவன். கத்திக் கம்பெனிகள் அலகின் அடியில், பிடிக்குச் சற்று மேலே, தங்கள் அடையாளத்தை அடிக்கிற எஃகு அச்சுகளை வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பான். ஹெட்விக் காப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் கத்திகளுக்குப் பிடி போட்டவள். இரண்டு பேர் கையிலும் வெட்டுக்காயத் தழும்பு இல்லாத விரல் கிடையாது. 1974-ல் மலைப்பக்கம் போயிருந்தபோது ஒரு கிழவியின் அடுப்படியில், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஒரு பழைய வேட்டைக்கத்தியைக் கிஸ்பர்ட் பார்த்தான். காப்பல் கத்தி. மரத்தண்டில் மரங்கொத்தி உட்கார்ந்திருக்கும் முத்திரை. ஆனால் ஊரில் இருக்கிற காப்பல் கத்திகளிலெல்லாம் அந்தப் பறவை கத்தியின் முனையைப் பார்க்கும். இதிலோ பிடியைப் பார்த்தது.

புதுக் கத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தான். பிடியின் நடு ஆணி ஆடியது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது; வீட்டில் ஆணிக்கான ஜெர்மன் சில்வர் கம்பியும் இல்லை. பழைய சைக்கிளின் ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, ஹெட்விக்தான் அடித்து இறுக்கிக் கொடுத்தாள். ஐந்து வருஷம் அந்தக் கத்தியைக் கிஸ்பர்ட் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் கொஞ்சினான். 'ஏன் திரும்பி உக்காந்திருக்கே நீ?' என்று பறவையிடம் கேட்டுக்கொண்டிருப்பான். கடைசியில் அந்தக் கேள்வியைத்தான் சங்கத்துக்கு எடுத்துப் போனான். நாசமாய்ப் போகிற கேள்வி.

சங்கத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் டாக்டர் ருடிகர் ஃபெல்ட்ஹாஃப். பல் டாக்டர். முத்திரைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் சேகரிப்பாளர்களுக்கு வேதம். முதுகுக்குப் பின்னால் அவரைக் 'கத்திப் போப்' என்பார்கள். முன்னாலும் சிலர் சொல்வார்கள், அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஊரார் வாய்க்குள் பார்க்கிற லென்ஸை நெற்றியிலிருந்து இறக்கிக் கத்தியைப் பார்த்தார். மூன்று நிமிஷம்.

"இரும்பு சரி. பதம் சரி. குருவி மட்டும் தப்பான பக்கம் பாக்குது," என்றார். "காப்பல் கம்பெனி ஒரு தடவைகூட இப்படி அடிச்சதில்லை. அப்போ இந்த அச்சை வெட்டினது யாரு? நம்ம ஊர்ல வீட்ல உக்காந்து அச்சு வெட்டத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்னு நான் சொல்லணுமா?"

மண்டபம் சிரித்தது. கிஸ்பர்ட் எழுந்து நின்றான்.

"டாக்டர், விளிம்பைப் பாருங்க. இரும்பு உதடு மாதிரி பிதுங்கியிருக்கு. அலகைக் காய்ச்சிப் பதம் ஏத்தறதுக்கு முன்னாடி, இளசா இருக்கும்போது அடிச்சது இது. பதம் ஏறின அலகுல அடிச்சா அச்சுதான் உடையும்."

"பிடியைக் கழட்டி, பதத்தை இறக்கி, அடிச்சு, மறுபடி ஏத்தலாமே ஈவர்ட்ஸ். உங்களுக்குத் தெரியாத வேலையா? பிடி போட வீட்லயே ஆள் வேற இருக்கு."

கிஸ்பர்ட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கு எதிராகவே திரும்பியது. சாணையை ஓட விட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் கத்தியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "வேண்டாம், அழிக்காதீங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்," என்றான். டாக்டர் பெரிய மனசு பண்ணினார். கத்தியை விஷ அலமாரியில் பதினாலாம் நம்பர் கொக்கியில் தாமே மாட்டி, தாமே பூட்டி, சாவியைத் தம் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். என்ன இரக்கம், என்ன பெருந்தன்மை என்று ஊரே பேசியது.

அதோடு அச்சு வேலை நின்றது. கம்பெனிக்காரர்கள் போனை எடுப்பதில்லை. கூடப் படித்த ஆல்வின் டீகல் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டான். நாலு வருஷம் கிஸ்பர்ட் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். 1983 வசந்தத்தில் செத்துப்போனான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஹூபெர்ட்டஸ் சனிக்கிழமையும் ஹெட்விக் தேவதாரு இலை வளையம் ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவாள்; வளையத்தை வைத்துவிட்டு, சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லித் திட்டிவிட்டு வருவாள்.

இந்த வருஷம் மே மாசம் டாக்டரின் புத்தகம் புதுப் பதிப்பாக வந்தது. கடை சன்னலில் பார்த்து உள்ளே போய்ப் புரட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஒரு கத்தி. கீழே இப்படி இருந்தது: 'காப்பல். பிடியைப் பார்க்கும் மரங்கொத்தி. மிக அரிய ஆரம்பகால முத்திரை. இதுவரை தெரியவந்தது இது ஒன்றே. பெர்லின் சுவர் விழுந்த பின் கிழக்கு ஜெர்மனியின் துரிங்கியாவில் ஒரு வன அதிகாரியின் குடும்பத்திடமிருந்து கிடைத்தது. ஆசிரியரின் சேகரிப்பு.'

ஒரு கொம்பின் வரி இன்னொரு கொம்பில் வராது. முப்பது வருஷம் கொம்பைத் தொட்டவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தில் இருந்தது கிஸ்பர்ட்டின் கத்தி. ஹெட்விக் புத்தகத்தை டப்பென்று மூடினாள். அந்த நிமிஷமே டாக்டரின் வீட்டு வாசலில் போய் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் யார் நம்புவார்கள்? போலி அடித்தவனின் பெண்டாட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

செப்டம்பரில் ட்ரூடே கூப்பிட்டு அனுப்பினாள். ட்ரூடே காப்பல் குடும்பத்தின் கடைசி ஆள். கம்பெனியை மூடி வருஷங்கள் ஆகியும் சங்கத்தில் கௌரவ உறுப்பினர். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"அடியே ஹெட்விக், இது என்னன்னு பாரு. கீழறையில பெயிண்ட் டப்பாவுக்கு அடியில கிடந்துச்சு. தூக்கிப் போட இருந்தேன். கிஸ்பர்ட் தொழில் மாதிரி தெரிஞ்சுது, அதான்."

ஈயத் தகடு. ஹெட்விக் சன்னலருகே கொண்டுபோனாள். புது அச்சு வெட்டிக் கொண்டுவருகிறவன், கொடுக்கும்போது கம்பெனித் தகட்டில் ஒரு அடி அடித்துக்காட்டி, பக்கத்தில் தேதியும் பேரும் கீறிவிட்டுப் போக வேண்டும். அந்தக் காலத்து வழக்கம். வரிசையாக முத்திரைகள். 1907 மார்ச், எமில்: மரங்கொத்தி, பிடியைப் பார்த்தபடி. அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. 1907 ஜூன், எமில்: மரங்கொத்தி, முனையைப் பார்த்தபடி.

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அச்சை எப்போதும் திருப்பிப்போட்டு வெட்ட வேண்டும். அப்போதுதான் இரும்பில் நேராக விழும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே தலையில் குட்டிச் சொல்லித்தருகிற பாடம். எமில் என்கிற அந்தப் புண்ணியவான் கையில் கொடுத்த படத்தை அப்படியே வெட்டிவைத்துவிட்டான். கண்டுபிடித்து மாற்றுவதற்குள் மூன்று மாசக் கத்திகள் திரும்பிப் பார்த்த பறவையோடு போய்விட்டன.

"அப்புறம் என்னடி?" என்றாள் ட்ரூடே. "நேரா போய் அந்தப் பல்லுக்காரன் மூஞ்சிக்கு நேரா நீட்டு."

"நீட்டினா? 'ஆஹா, நான் புத்தகத்துல எழுதினது ரொம்பச் சரி'ன்னு கும்பிட்டு வாங்கிப்பான். 'பாவம் ஈவர்ட்ஸ், அப்போ ஆதாரம் இல்லை, யார் மேல தப்பு?'ம்பான். எனக்கு ஒரு பூங்கொத்து குடுப்பான். கத்தி அவன்கிட்டயே இருக்கும், இன்னும் நாலு மடங்கு பெருமையோட."

"பின்ன என்ன பண்ணப்போறே?"

"முதல்ல அது போலின்னு அவன் வாயாலயே இன்னொரு தடவை சொல்லணும். அவன் கையாலயே சாணையில குடுக்கணும். அப்புறம் காட்டறேன்."

ட்ரூடே தகட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். "அது கிஸ்பர்ட்டோட கத்திடி."

"தெரியும்."

"உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"அதனாலதான்."

இப்போது ட்ரூடேயின் விருந்தாளியாக ஹெட்விக் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். பிற்பகல் இரண்டரை மணி. ஜன்னலுக்கு வெளியே மழை. முன்மேஜையில் டாக்டரின் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பச்சை வெல்வெட்டில் அவளுடைய புருஷனின் கத்தி. டாக்டருக்கு அறுபத்தைந்து வயதாகியும் முதுகு வளையவில்லை. சுவர் விழுந்த கதை, துரிங்கியாவின் பனி, வன அதிகாரியின் விதவை கண்ணீரோடு எடுத்துக்கொடுத்தது, எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். அந்த விதவை நிஜத்தில் நான்தான், இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஹெட்விக் நினைத்துக்கொண்டாள்.

கையைத் தூக்கினாள். இப்போது சங்கத்தின் தலைவர் ஆல்வின் டீகல். அவர் அவசரமாக எழுந்தார்.

"ஃப்ராவ் ஈவர்ட்ஸ்... பழசையெல்லாம் இப்போ கிளற வேண்டாமே."

"கிளற வரலை ஆல்வின். விருந்தாளி ஒரு கேள்வி கேக்கலாம்னு விதி இருக்கு இல்லையா?" அவள் எழுந்து நின்றாள். "டாக்டர், அந்தக் கத்திப் பிடியோட நடு ஆணியைப் பாத்திருக்கீங்களா?"

டாக்டர் புன்னகை செய்தார். "நான் முத்திரை பாக்கற ஆளும்மா. ஆணி பாக்கறதுக்குத் தச்சன் இருக்கான்."

சிரிப்பு. ஹெட்விக் அது அடங்கும்வரை நின்றாள்.

"பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் பாத்துச் சொன்னதா யாரும் பேசக் கூடாது. ரெண்டு ஆணி ஜெர்மன் சில்வர். நடு ஆணி சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. பின்பக்கம் திருப்பி லென்ஸ் வெச்சுப் பாத்தா, அடிச்சுப் பரத்தின தலையில அரை வட்டத்துக்கு ஸ்போக்ஸோட திருகு மரை தெரியும். எழுபத்துநாலுல எங்க அடுப்படி மேஜைமேல வெச்சு நான் அடிச்ச ஆணி அது."

டாக்டரின் கை பெட்டிமேல் போனது. ஆல்வின் அதற்குள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்துவிட்டார். கத்தியைத் திருப்பினார். லென்ஸை வைத்தார். ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

"மரை இருக்கு," என்றார் மெதுவாக.

"அப்போ பதினாலாம் நம்பர் கொக்கியையும் பாத்துடலாமே."

டாக்டர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கொடுக்காமல் இருக்க முடியாது, எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலமாரி திறந்தது. பதினாலாம் கொக்கியில் நம்பர் சீட்டு மட்டும் தொங்கியது.

டாக்டருக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தன. கத்தி அசல் என்றால், ஒரு யோக்கியனைப் போலிக்காரன் ஆக்கி, அவன் நம்பி ஒப்படைத்ததைத் திருடியவர் அவர். போலி என்றால், அவர் ஏமாந்தவர், அவ்வளவே. அவர் எந்தப் பக்கம் போவார் என்று ஹெட்விக்குத் தெரியும். எழுபத்தொன்பதில் சொன்ன தீர்ப்பைத் தவறு என்று ஒப்புக்கொள்வதைவிட அந்த மனுஷர் தம் சொந்தப் பல்லையெல்லாம் பிடுங்கிக்கொள்வார்.

"நண்பர்களே," என்று அவர் தொடங்கியபோது குரல் நடுங்கியது. இரண்டாவது வாக்கியத்தில் சரியாகிவிட்டது. "எண்பத்துநாலுல இங்க வெள்ளையடிச்சப்போ அலமாரி ரெண்டு நாள் திறந்து கிடந்துச்சு, ஞாபகம் இருக்கா? அப்போ யாரோ எடுத்திருக்கான். அது கை மாறி, கிழக்கே போய், கடைசியில எங்கிட்டயே வந்திருக்கு. நான் ஏமாந்துட்டேன். வெக்கப்படாம ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கவனிங்க. எழுபத்தொம்பதுல இதே கத்தியைப் பாத்து மூணே நிமிஷத்துல போலின்னு சொன்னவனும் நான்தான். அன்னிக்குக் கண்ணு பாத்துச்சு. இன்னிக்கு ஆசை பாத்துச்சு."

கைதட்டினார்கள். எண்பத்துநாலில் அந்தப் பெர்லின் சுவரைத் தாண்டி, துப்பாக்கிக் காவலைத் தாண்டி, எந்தப் பைத்தியக்காரன் ஒரு கத்தியைக் கிழக்கே கடத்திக்கொண்டு போவான் என்று அந்த எழுபது பேரில் ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"அப்போ போலிதானா டாக்டர்?" என்றாள் ஹெட்விக்.

"போலி."

"சந்தேகமே இல்லையே?"

"ஃப்ராவ் ஈவர்ட்ஸ், காப்பல் குருவி பிடியைப் பாத்ததே கிடையாது. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

"எழுதிக்கோங்க ஆல்வின். அவர் சொன்னபடியே எழுதுங்க." ஆல்வின் குறிப்பேட்டில் எழுதும்வரை அவள் காத்திருந்தாள். "சரி, போலின்னா விதி என்ன?"

யாரோ, "பழையபடி அலமாரியில வெச்சுடலாமே," என்றார்கள்.

"அலமாரி, உடையவர் கெஞ்சிக் கேட்டாதான்," என்றாள் ஹெட்விக். "என் வீட்டுக்காரர் கெஞ்சினார். டாக்டர் கெஞ்சறாரா?"

அவருடைய காது சிவந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். சாணை விசையைத் தாமே தட்டினார். பதின்மூன்று வருஷமாக ஹெட்விக்கின் காதை விட்டுப் போகாத அதே சத்தம் எழுந்தது. லென்ஸை இறக்கி முத்திரையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பாவி, அது அசல் என்று அவருக்குத் தெரியும். 1979-லேயே தெரிந்திருக்கும்.

ட்ரூடே அவள் தொடையைக் கிள்ளினாள். "போதும்டி. இப்போ எடு. அவன் மூஞ்சி செத்துப்போச்சு பாரு. எடு."

ஹெட்விக்கின் கை பைக்குள் போனது. ஈயம் குளிர்ச்சியாக இருந்தது. எடுத்தால் போதும், பறவை பிழைத்துவிடும். கிஸ்பர்ட்டாக இருந்தால் இந்நேரம் பாய்ந்துபோய்ச் சக்கரத்துக்கும் கத்திக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்திருப்பான். எதிரி கையில் இருந்தாலும் பரவாயில்லை, அது இருந்தால் போதும் என்பான். அவன் அப்படிப்பட்டவன். அதனால்தான் அவன் மண்ணுக்குள் கிடக்கிறான், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"ம்ஹூம்," என்றாள்.

பொறி பறந்தது. சூடான இரும்பின் வாசனை செர்ரி வாசனையோடு கலந்து வந்தது. முதலில் வால் போயிற்று, பிறகு மரத்தண்டு, கடைசியில் பறவையின் மூக்கு. டாக்டர் விசையை நிறுத்திவிட்டு, வெள்ளி மாதிரி பளபளத்த வெற்று இடத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். இந்த முறை எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஹெட்விக் முன்மேஜைக்கு நடந்துபோய், ஈயத் தகட்டை டாக்டரின் புத்தக அடுக்கின் மேல் வைத்தாள்.

"உரக்கப் படிங்க ஆல்வின்."

ஆல்வின் படித்தார். "காப்பல் கம்பெனி. 1907 மார்ச். எமில்..." அதோடு நிறுத்திவிட்டார். தகட்டை விளக்குப் பக்கம் சாய்த்தார். "மரங்கொத்தி. பிடியைப் பாக்குது." அடுத்ததையும் படித்தார். "1907 ஜூன். எமில். மரங்கொத்தி. முனையைப் பாக்குது."

"எங்க வீட்டுக் கீழறையில இருந்த தகடு அது," என்று மூன்றாவது வரிசையிலிருந்து ட்ரூடே சத்தமாகச் சொன்னாள். "வேணும்னா என் மேல சத்தியம்."

டாக்டர் வந்து தகட்டை வாங்கினார். லென்ஸை இறக்கினார். எத்தனை அயோக்கியனாக இருந்தாலும் முத்திரை படிக்க அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோட்டின் ஆழம், ஈயத்தின் கறுப்பு, கீறல்மேல் படிந்த வயசு, எல்லாவற்றையும் அவர் கண் படித்தது. அவர் அதை மெதுவாகத் திரும்ப வைத்தார். இன்னொரு கையில் கத்தி இருந்தது, இன்னும் சூடாக.

"இது... உங்க பையிலயே இருந்துச்சா?"

"காலையிலேர்ந்து."

"தேய்க்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே!" அவர் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "அய்யோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! உலகத்துல அது..."

"ஒண்ணே ஒண்ணு. உங்க புத்தகத்துலதான் படிச்சேன், இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

"நீங்க பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. வேணும்னே உக்காந்திருந்தீங்க."

"ஆமா, உக்காந்திருந்தேன். தேய்ச்சது நீங்க. எழுபத்தொம்பதுல உங்களுக்கு மூணு நிமிஷம் ஆச்சு டாக்டர். இன்னிக்கும் அவ்வளவுதான் ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் ஒரு ஆள் தன் கத்தி உறைக்குள்ளிருந்து ஒரு மடித்த சீட்டை எடுத்தார். 'அசல்' என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு. அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பக்கத்து நாற்காலிக்காரரும் தன் உறைக்குள் விரலை விட்டார். டாக்டர் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கோட்டைக்கூட எடுக்காமல் மழையில் வெளியே போனார்.

"இன்னும் ஒரு வரி எழுதணும் ஆல்வின்," என்றாள் ஹெட்விக். "கிஸ்பர்ட் ஈவர்ட்ஸ் கொண்டுவந்த கத்தி அசல். அவர் சொன்னது உண்மை."

ஆல்வின் எழுதினார். பேனா இரண்டு இடத்தில் நின்றது. "ஹெட்விக், அன்னிக்குத் தெருவுல நான்..."

"எழுதுங்க."

கத்தியைத் துணியில் சுற்றி அவளிடமே கொடுத்தார்கள். காபி கொண்டுவந்து கொடுத்தார்கள், அவள் தொடவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் நின்றபோது ட்ரூடே குடையை உதறினாள்.

"சந்தோஷமாடி?"

"ரொம்ப." அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். பதின்மூன்று வருஷம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. டாக்டரின் குரல் உடைந்த விதத்தை நினைத்தால் இப்போதும் தித்தித்தது. பைக்குள் கையை விட்டு, துணியை விலக்கி, அலகின் அடியில் கட்டைவிரலை வைத்தாள். வழவழவென்று இருந்தது. விரலில் எதுவும் தட்டுப்படவில்லை.

கல்லறைப் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது. ட்ரூடே படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஹெட்விக் நகரவில்லை. கல்லறைக்கென்று காலையிலேயே வாங்கிவந்த தேவதாரு இலை வளையம் அவள் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏறுடி. இன்னிக்கு சனிக்கிழமை இல்ல? அவன்கிட்டப் போய்ச் சொல்ல வேண்டாமா?"

"நீ போ ட்ரூடே," என்றாள் ஹெட்விக். "பறவை எங்கேன்னு கேப்பான். நான் நாளைக்குப் போறேன்."